மொய்னுதீன் பாயின் வலது கால்

மொய்னுதீன் பாய் முதலியார்பேட்டையில் இருபது வருஷம் அம்பாசிடர் டாக்சி ஓட்டியவர். 1981க்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

அந்த வருஷம் மே மாத உச்சி வெயிலில், பிரசவமாகி ரத்தம் நிற்காத கொளஞ்சியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். ரயில்வே கேட் மூடியிருந்தது. இன்ஜினை அணைத்தார். கேட் திறந்தபோது வண்டி கிளம்பவில்லை. ஆக்சிலேட்டரை மிதிமிதியென்று மிதித்தார். கொளஞ்சி பின்சீட்டிலேயே, புருஷன் முருகையன் மடியில், இறந்துபோனாள்.

மறுவாரம் வண்டி என் பட்டறைக்கு வந்தது. "காயில் போயிடுச்சு, மாத்திடு" என்றார் பாய். காயிலாம் காயில்! பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் அது நன்றாகவே இருந்தது. இன்ஜினைச் சூடாக்கி அணைத்து, பத்து நிமிஷம் கழித்துப் பிளக்குகளைக் கழற்றினேன். எல்லாம் பெட்ரோலில் நனைந்திருந்தன. என் பாழும் வாய் சும்மா இருக்கவில்லை.

"சூட்டுல கார்புரேட்டர்ல பெட்ரோல் கொதிச்சுத் தானா உள்ள வழிஞ்சிருக்கு பாய். மிதிக்க மிதிக்க இன்னும் ரொம்பிடும். ஒரே அழுத்தா அழுத்திப் புடிச்சிக்கினு ஸ்டார்ட் பண்ணியிருந்தா கெளம்பியிருக்கும்."

பாய் தன் வலது காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரம் பார்த்து முருகையன் உள்ளே வந்தான். "வண்டிக்கு இன்னாதான் ஆச்சு?"

"காயில் போயிடுச்சு" என்றேன். அவன் கண்ணெதிரிலேயே நல்ல காயிலைக் கழற்றிக் குப்பையில் எறிந்தேன்.