ஹாலிடே டூட்டி

வைகுண்ட ஏகாதசி என்று ஊருக்கே லீவு. டவுன் பஸ் டிரைவர் மதுரைவீரனுக்கு மட்டும் விடியுமுன்பே ஸ்பெஷல் டூட்டி. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்குமாக நாளெல்லாம் கூட்டத்தைச் சுமந்துவிட்டு, பொழுது சாய உறையூர் வீட்டுக்கு வந்து பாயில் விழுந்தார்.

மகள் சுபஸ்ரீ செல்போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தாள். “அப்பா, அந்தக் காலத்து இங்கிலீஷ்ல ‘புனித நாள்’னு சொன்னதுதான் ஹாலிடேன்னு ஆச்சாம். சாமிக்காக எல்லாரும் வேலையை நிறுத்துற நாளாம்.”

“எல்லாருமா? அப்படிச் சொன்னவன் பஸ் ஓட்டியிருக்க மாட்டான்.” வீங்கிய கால்களைத் தூக்கிச் சுவரில் சாய்த்துக்கொண்டார்.

“நீங்க சாமி பாத்தீங்களாப்பா?”

“கோபுர தரிசனம் ஆச்சும்மா,” என்றார் கண்ணை மூடியபடி. “வண்டியைத் திருப்புறப்போ, சைடு கண்ணாடியில.”