ரெண்டு வேலியில் சாலையை வெட்டிய நாள்

எங்கள் நகரின் பெயர்ப்பலகையில் ஆளுங்கட்சித் தலைவர் ஒருவரின் பெயர் இருக்கிறது. பஸ் கண்டக்டர்கள் அதைச் சொல்வதில்லை. "ரெண்டு வேலி இறங்குங்க" என்பார்கள். தஞ்சாவூருக்குக் கிழக்கே இரண்டு வேலி, அதாவது பதின்மூன்று ஏக்கர் பரப்பில் நெல் விளைந்த இடம் அது.

நிலத்துக்காரர் மனை போட்டு விற்க முயன்றபோது, குத்தகைக்கு உழுதவர்கள் எல்லைக்கல் நட விடவில்லை. அவர்களை எளிதில் வெளியேற்ற முடியாதபடி சட்டம் வந்திருந்தது. மறியல், போலீஸ், தாசில்தார் முன்னால் பேச்சு என்று நெடுநாள் இழுத்து, மூன்றில் ஒரு பங்கு மனை உழுதவர்களுக்கு என்று முடிந்தது. எங்கள் நகரின் குணமே அந்த முடிவில் பிறந்ததுதான். டவுனில் எந்தத் தெருவில் யார் இருப்பார்கள் என்பது கேட்காமலே தெரியும். இங்கே மனை எண் மட்டும்தான்.

என் இடப்பக்க வீட்டுக்காரர் அந்த மண்ணையே உழுதவர். மேற்கே வேறு நிலம் குத்தகைக்கு எடுத்துச் சம்பா நட்டிருந்தார். எங்கே போர் போட்டால் நல்ல தண்ணீர் வரும், எந்த மனையில் தரையை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்று புதிதாக வந்த ஒவ்வொருவருக்கும் அவர்தான் சொன்னார். வலப்பக்கம் துபாயிலிருந்து திரும்பிய அதிராம்பட்டினத்துக்காரர், எல்லோருக்கும் பாய். நான் டீச்சர். என் கணவருக்கு நாகப்பட்டினத்தில் வேலை, சனிக்கிழமைதான் வருவார்.

மனை போட்டவர் செய்த தவறு ஒன்று உண்டு. வயல்களின் வடிகால் வாய்க்காலில் ஒரு சின்னக் குழாயைப் புதைத்து, மேலே சாலை போட்டுவிட்டார். நகருக்கு அது ஒன்றே வழி. நாங்களும் வசதி என்றே நினைத்தோம். ஓர் ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்ததில் குழாய் அடைத்துக்கொண்டது. மேற்கே வயல்கள் மூழ்கின. நான்காம் நாள் காலை பத்துப் பதினைந்து பேர் மண்வெட்டியோடு சாலையை வெட்ட வந்தார்கள். முன்னால் நின்றவர் என் இடப்பக்க வீட்டுக்காரர்.

நான் குறுக்கே போய் நின்றேன். மூன்றாம் வகுப்பு படித்த என் மகளுக்கு இழுப்பு. மழைக்காலத்தில் எப்போது மூச்சு திணறும் என்று சொல்ல முடியாது. வழியை வெட்டினால் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவேன் என்று கேட்டேன்.

"டீச்சரம்மாவுக்கு அரிசி கடையிலயே விளையுது போல" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பக்கத்து வீட்டுக்காரர் அந்த ஆளை அதட்டிவிட்டு என்னிடம் சொன்னார்: "இன்னும் ஒரு நாள் தண்ணி நின்னா பயிர் அழுகிடுங்க. பொண்ணுக்கு ஒண்ணுன்னா நாங்க இருக்கோம்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதற்குள் பாய் தன் அம்பாசிடரை எடுத்து, வெட்டப்போகும் இடத்தைக் கடந்து அந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, நனைந்தபடி நடந்து வந்தார்.

"கார் அங்க நிக்கிது. விலகுங்க டீச்சர், வெட்டட்டும்."

விலகினேன்.

மதியம் இரண்டு மணிக்கு மகளுக்கு இழுப்பு வந்தது. உதடு நீலம் பாரித்தது. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பாய் பின்னாலேயே வந்தார். வெட்டிய இடத்தில் மார்பளவு தண்ணீர் சுழித்து ஓடியது. கரையில் ஆகாயத்தாமரையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் ஒவ்வொருவராக இறங்கி, தோளோடு தோள் கோத்து நின்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, அவர்கள் மேல் சாய்ந்தபடியே கடந்தார். அடுத்து என்னையும் பாயையும் கைமாற்றிக் கைமாற்றி அக்கரை சேர்த்தார்கள். காலையில் என்னைக் குத்திப் பேசிய குரல் அந்த வரிசையில் நின்று, "காலைத் தேய்ச்சு வைங்கம்மா, வழுக்கும்" என்றது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட பிறகும் வெகுநேரம் அவள் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். வருடங்கள் போயும், மழை பெய்தால் இன்றும் அவள் மூச்சைத்தான் காது தேடுகிறது.

அந்தியில் பாயுடன் திரும்பினேன். அவர்கள் இன்னும் வெட்டிய இடத்திலேயே நின்றார்கள். பொண்ணு எப்படி என்று கேட்டார்கள். மூச்சு சீராகிவிட்டது, ஒரு நாள் வைத்துப் பார்க்கிறார்கள், டவுனிலிருந்து வந்த என் தங்கை துணைக்கு இருக்கிறாள், மாற்றுத்துணி எடுக்க வந்தேன் என்றேன். அதன்பிறகுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

"பயிர் என்னங்க ஆச்சு?"

"நுனி தெரியுதுங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர், என்னை அக்கரை சேர்க்கத் தண்ணீரில் இறங்கியபடி.