முந்திரிக்காட்டுக்கு ஒரு ரிவால்வர்

திருச்சியில் அந்தத் துப்பாக்கிக் கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு சின்னப் பிஸ்டல். பிடியில் முத்துச்சிப்பி பதித்திருந்தது. யாரோ ஒரு துரைசானி கப்பல் ஏறும்போது விட்டுப்போனதாம்.

"லேடீஸ் மாடலுங்க. கைப்பைலயே வச்சுக்கலாம்" என்றார்.

"இதால சுட்டா காட்டுப்பன்னி சாகுமா?" என்று கேட்டேன்.

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்தார்.

"பன்னிக்கா கேக்குறீங்க? பன்னிக்கு இது கொசுக்கடிங்கம்மா. கோவம்தான் வரும்."

"அதுக்குக் கோவம் வந்தா எப்படி இருக்கும்னு பாத்துட்டுத்தான் வந்திருக்கோம்" என்றார் என் கணவர், விசிறியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

பார்த்தது நானும் என் மகளும்தான். அவர் பார்க்கவில்லை. அவர் அன்று புதுக்கோட்டையில் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஆலங்குடிப் பக்கம் இருக்கும் முந்திரிக்காடு என் பிறந்த வீட்டுச் சொத்து. அதற்கு ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கியும் உண்டு. சமஸ்தானக் காலத்தில் என் அப்பா லைசென்ஸ் எடுத்தது, பிறகு என் பெயருக்கு மாறியது. முந்திரிப்பழம் பழுக்கும் காலத்தில் பன்றிகள் வரும் என்பதால், கொட்டை பொறுக்கப் போகும்போதெல்லாம் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு போவேன்.

முந்திரி மரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அது மேலே வளராது, பக்கத்தில் வளரும். கிளைகள் தரையைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். உள்ளே குனிந்துதான் போக வேண்டும். போன சித்திரையில் ஒரு மாலை, என் மகள் ஒரு மரத்தடியில் குந்தி உட்கார்ந்து பழத்தைத் திருகிக் கொட்டையைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த மரத்தடியிலிருந்து ஒரு பெட்டைப் பன்றி குட்டிகளோடு வெளியே வந்தது. நான் துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுத்தேன். குழல் கிளையில் சிக்கிக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை. திருப்பினேன், இன்னொரு கிளை. அதற்குள் பன்றி என் மகளை இடித்துத் தள்ளிவிட்டு அந்தப் பக்கமாகப் போய்விட்டது. தொடையில் கிழிசல். ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். அவளுக்குப் பதினொரு வயது. காயம் ஆறியதும் வகுப்பில் எல்லாருக்கும் தழும்பைக் காட்டி, ஆளுக்கு ஒரு கதை சொல்லிவிட்டாள். ஒரு கதையில் அவளே பன்றியை உதைத்திருக்கிறாள்.

ஆறாதது நான்தான். பாத்திரம் உருண்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். காப்பி ஆற்றும்போது கை நடுங்கும். மகளைக் காட்டுப் பக்கமே விடவில்லை. நானும் போகவில்லை. மிச்சக் கொட்டை மண்ணில் கிடந்து வீணானது. காட்டைக் குத்தகைக்குக் கேட்டு ஒருவர் வந்துகொண்டே இருந்தார். ஐந்து வருஷத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன்.

"காட்டக் கொடுத்தீங்கன்னா ஒங்க ரெண்டு பேரோடயும் நான் பேச மாட்டேன்" என்றாள் மகள்.

"எங்கிட்ட ஏன் பேச மாட்ட? நான் என்ன பண்ணுனேன்?" என்றார் என் கணவர்.

"நீங்க சும்மா இருந்தீங்கல்ல, அதுக்கு."

சும்மா இருப்பவர் அல்ல அவர். யோசித்துவிட்டு இரண்டு நாள் கழித்துத்தான் பேசுவார். "நீளம்தான ஒனக்கு எதிரி? குட்டையா ஒண்ணு வாங்கு. மாசி முடியட்டும். அதுக்குள்ள ஒனக்குத் தைரியம் வந்துட்டா நம்மளே பொறுக்குவோம். வரலைன்னா குத்தகைக்காரர வரச் சொல்லிடுவோம்" என்றார். மகளும் சம்மதித்தாள். அன்றிலிருந்து என் கைகளை ஒரு டாக்டரைப் போலக் கவனிக்க ஆரம்பித்துவிட்டாள்.

ரிவால்வர் லைசென்சுக்கு எழுதிப் போட்டபோது அதிகாரி கூப்பிட்டு விசாரித்தார். வீட்டுக்காரர் பேருக்கே கேட்கலாமே என்றார். "சார், நான் தீபாவளிக்கே கதவச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்திருக்கிற ஆளு" என்றார் என் கணவர். அதிகாரி சிரித்தார். மகளின் ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். லைசென்ஸ் வந்தது.

அப்படித்தான் அந்தக் கடையில் நின்றோம்.

கடைக்காரர் அடுத்தடுத்து எடுத்து வைத்தார். வெளிநாட்டுச் சரக்கு வருவது நின்றுபோனதால் எல்லாமே ஒரு கை மாறியவை. ஒன்று மெலிதாக, அழகாக இருந்தது. தோட்டாவை ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் இருந்த ஓட்டை வழியாகப் போட்டு, ஒவ்வொன்றாகக் குச்சியால் தள்ளி எடுக்க வேண்டும்.

"இதுல தோட்டா இருக்கா இல்லையான்னு எப்படிப் பாக்குறது?"

"சுத்திச் சுத்திப் பாக்கணும்மா. ஆறையும்."

எனக்கு அது ஆகாது என்று உடனே தெரிந்துவிட்டது. நான் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிறவள். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனைக்குப் போய் மறுபடி வந்து இழுக்கிறவள். மகள் இருக்கிற வீட்டில் இப்படி ஒன்றை வைத்தால் ஆறு ஓட்டையையும் சுற்றிச் சுற்றிப் பார்ப்பதே என் பிழைப்பாகிவிடும்.

"ஒரே பார்வைல காலின்னு தெரியணும். எனக்கு அதுதான் முக்கியம்" என்றேன்.

கடைக்காரர் மேஜையில் இருந்ததையெல்லாம் ஒதுக்கினார். பிறகு உள்ளே போய், எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். வைத்த சத்தம் அம்மிக்குழவியை வைத்த மாதிரி இருந்தது. பெரிய வாய். என் சுண்டுவிரல் நுனி அதில் நுழையும். அவர் கட்டைவிரலால் ஒரு கொக்கியை அழுத்தினார். ரிவால்வர் பாக்குவெட்டி போல நடுவில் மடங்கித் திறந்தது. உள்ளே இருந்த ஆறு வெற்றுத் தோட்டாக்களும் ஒரே நேரத்தில் எழும்பி மேஜையில் உருண்டன. ஆறு ஓட்டை வழியாகவும் வெளிச்சம் தெரிந்தது.

நான் அதைக் கையில் வாங்கி மூடினேன், திறந்தேன். மறுபடி மூடினேன், திறந்தேன்.

"வீட்டுல இனிமே கதவுப் பூட்டுக்கு விடுதலை" என்றார் என் கணவர்.

"அம்மாவுக்கு இது பாரம்ங்க. ஆம்பளைங்களே தூக்க யோசிப்பாங்க" என்று கடைக்காரர் அவரிடம் சொன்னார்.

பாரம் எனக்குப் பிடித்திருந்தது. முத்துச்சிப்பிப் பிஸ்டல் என் கையில் கோழிக்குஞ்சு போலத் துடித்தது. அதில் துடித்தது என் கைதான். இதைப் பிடித்தபோது, நடுங்குவதற்குக் கைக்கு இடமே இல்லாதது போல இருந்தது. பன்றிக்குப் போதுமா என்று கேட்டேன். தோட்டாவின் தலையைக் காட்டினார். மொச்சைக்கொட்டைப் பருமன் இருந்தது. மேற்கொண்டு கேட்கவில்லை.

அடுத்து, எங்கே வைத்துக்கொள்வது. தோல் உறை ஒன்று காட்டினார். பேண்ட் போட்டவர்கள் பெல்ட்டில் கோக்கிற மாதிரி. சேலைக்கு அது ஒத்துவராது. ரிவால்வரின் பிடிக்கு அடியில் ஒரு வளையம் தொங்கியது. குதிரைமேல் போகிற சிப்பாய்கள் கீழே விழாமல் கயிறு கட்டிக்கொள்வதற்காம். நான் இடுப்பிலிருந்து சாவிக்கொத்துக் கயிற்றை அவிழ்த்து அந்த வளையத்தில் மாட்டினேன். கொசுவத்துக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டு, முந்திரி பொறுக்குகிற மாதிரி குனிந்து கடைக்குள் இப்படியும் அப்படியும் நடந்து பார்த்தேன். குந்தி உட்கார்ந்தேன், எழுந்தேன். கடையில் வேறு வேலையாக வந்திருந்த ஒரு வக்கீல் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.

"புள்ள, போதும். அவரு பயப்புடுறாரு" என்றார் என் கணவர்.

கயிற்றோடு இடுப்பில் அது நன்றாகவே உட்கார்ந்தது. ஆனாலும் மூக்கு வயிற்றில் குத்தியது. ஊருக்கு வந்ததும் செருப்புத் தைப்பவரிடம் சொல்லி மூடி வைத்த உறை ஒன்று தைத்துக்கொண்டேன்.

ஊருக்கு வெளியே ஒரு பாறைக்குன்றை முதுகாக வைத்து ரைபிள் கிளப் நடத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழக்கம். சொல்லிக்கொடுத்தவர் இளவயது சப்-இன்ஸ்பெக்டர். என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் முதல் நாள் முழுக்க எதையும் சொல்லிக் கூப்பிடாமலே சமாளித்தார். அங்கே நான் ஒருத்திதான் சேலை. மகளும் கணவரும் கயிற்றுக்கு அப்பால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். கணவர் இரண்டு காதிலும் பஞ்சு.

முதல் குண்டு பாறையில் எங்கோ பட்டது. இரண்டாவது எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவதாக விசையை அழுத்தினேன். கை தூக்கிப் போட்டது. ஆனால் வெடிக்கவில்லை. மரத்தடியிலிருந்து மகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்குத் தெரியாமல் சப்-இன்ஸ்பெக்டர் நடுவில் ஒரு வெற்றுத் தோட்டாவைப் போட்டிருந்தார்.

"பாத்தீங்களா மேடம்? வெடிக்கிறதுக்கு முன்னாடியே நீங்க பயந்துர்றீங்க. துப்பாக்கி ஒண்ணும் பண்ணல. நீங்களாத்தான் குதிக்கிறீங்க."

"நீங்க வெறுந்தோட்டா போட்டாலும் குதிப்பாங்க, போடாட்டியும் குதிப்பாங்க. எனக்குக் கல்யாணமாகி எத்தனையோ வருஷமாச்சு, தெரியாதா" என்றார் என் கணவர், பஞ்சுக் காதோடு, தேவைக்கு மேல் சத்தமாக. கிளப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பன்றி வந்த நாளுக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான் என்று வீடு திரும்பும் வழியில் மகள் சொன்னாள்.

வீட்டில் பழகுவதற்குச் சப்-இன்ஸ்பெக்டர் ஒரு வழி சொல்லியிருந்தார். தோட்டா எல்லாம் டிரங்குப் பெட்டியில், அதன் சாவி என் கணவரின் சட்டைப்பையில். ரிவால்வரை மடித்துத் திறந்து நான் பார்ப்பேன், கணவர் பார்ப்பார், மகள் பார்ப்பாள். மூன்று பேரும் "காலி" என்று சொன்ன பிறகு, மாட்டுக்கொட்டகைச் சுவரில் அடுக்கிய மண்மூட்டையைக் குறிபார்த்து நிற்பேன். மகள் குழலின் முதுகில் ஒரு நயா பைசாவை வைத்துவிட்டு என் பின்னால் வந்துவிடுவாள். காசு விழாமல் விசையை அழுத்த வேண்டும். விழுந்தால் அந்தக் காசு அவளுக்கு. ஐப்பசி மாதம் முழுக்க அவள் தினமும் கடலைமிட்டாய் தின்றாள். கார்த்திகையில் மிட்டாய் குறைந்தது. தை பிறந்தபோது, "அம்மா, வேணும்னே ஒருவாட்டி விடேன்" என்று கேட்க ஆரம்பித்தாள்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளப்பின் வட்டக் குறிக்குப் பதிலாக மகள் தானே வரைந்த பன்றியைக் கொண்டுவந்தாள். பழைய செய்தித்தாளை ஒட்டி, கரியால் வரைந்தது. பெரிய மூக்கு, மூக்கின்மேல் கண்ணாடி.

"பன்னிக்கு எதுக்குக் கண்ணாடி?" என்று கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர்.

"கணக்கு சாருல்ல, அதான்" என்றாள்.

கண்ணாடி போட்டிருந்த என் கணவர் எழுந்து வந்து படத்தைக் கிட்டப் பார்த்தார். "மூக்கு சரியில்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

ஆறு குண்டு சுட்டேன். கை மேலே எழும்பியது. ஆனால் வெடித்த பிறகுதான் எழும்பியது. அதில் நாலு, பன்றியின்மேல் பட்டிருந்தது. ஒன்று சரியாகக் கண்ணாடியில். மகள் அந்தத் தாளைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, அப்பாவின் மேஜைக்கு நேரே ஒட்டினாள்.

இருந்தும் பங்குனி முதல் நாள் காட்டுக்குப் போகும்போது வழியெல்லாம் உறையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன். குத்தகைக்காரர் மறுநாள் பதிலுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நானும் மகளும் மட்டும் போனோம். செம்மண் குளிர்ந்து கிடந்தது. பழவாசனை மூக்கில் ஏறியது. முதல் வரிசை மரத்தடியில் அவளை என் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டேன். அவள் நகர்ந்தால் நானும் நகர்ந்தேன்.

"அம்மா, நீ என் பழத்த மிதிக்கிற. அங்கிட்டுப் போ" என்றாள்.

மூன்றாவது வரிசையில் சருகு சத்தம் கேட்டது. கிளைகளுக்கு அப்பால் பன்றி நின்றது. ஆண் பன்றி, ஒண்டி. நான் குனிந்தபடியே உறையிலிருந்து எடுத்தேன். எந்தக் கிளையும் தடுக்கவில்லை. கை நேராக நீண்டது. குழலுக்கு அந்தப் பக்கம் அதன் காது தெரிந்தது. என் மகள் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். குழலின்மேல் ஒரு காசு வைத்திருந்தால் விழுந்திருக்காது. பன்றி எங்களைப் பார்த்தது. ஒரு பழத்தைக் கவ்வியது. திரும்பி, வந்த வழியே போய்விட்டது.

நான் சுடவில்லை. சுடுவதற்கு அது எங்களை ஒன்றும் செய்யவில்லை.

"அடுத்த வரிசைக்குப் போவமா?" என்று கேட்டாள் மகள்.

"நீ போ. நான் இந்த மரத்த முடிச்சிட்டு வாரேன்."

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளைகளுக்குள் புகுந்தாள். பாவாடை நிறம் கொஞ்சம் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. பாட்டுச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அந்த மரத்தடியில் கொட்டை நிறையக் கிடந்தது. நான் குந்தி உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தேன்.