விபூதி தின்ற கம்ப்யூட்டர்

சீ! இன்றைக்கு நினைத்தாலும் குமட்டுகிறது. சிபியுவின் பக்கத்துத் தகட்டைக் கழற்றியதும் உள்ளேயிருந்து ஒரு நாற்றம் வந்ததே, செத்த பல்லியும் சாம்பிராணிப் பிசுக்கும் ஊசிப்போன சந்தனமும் கலந்த நாற்றம், அது மூக்கை விட்டு இறங்க இரண்டு நாள் ஆனது. அன்று மத்தியானம் நான் சோற்றைத் தொடவில்லை. அந்த அழுக்கு மட்டும்தான் காரணம் என்றால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுப் போயிருப்பேன்.

திருத்தணியில் தாலுகா ஆபீசுக்கு எதிரே எங்கள் கடை. முன்னால் என் வீட்டுக்காரர் ஜெராக்ஸ் போடுவார். உள்ளே நான் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக்கொடுப்பேன். பட்டா, சாதிச் சான்று, காலேஜ் அப்ளிகேஷன், எது வந்தாலும் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். கடை திறந்த அன்று வாங்கியது. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு, வாசல் பெருக்கி, கோலம் போட்டு, டீயும் குடித்துவிட்டு வந்தால்கூட அந்தச் சனியன் முழுசாகக் கண் திறந்திருக்காது. உள்ளே காற்றாடி கர்ர் கர்ர் என்று இருமும். அதை நான் ஒரு நாள்கூடத் திறந்து பார்த்ததில்லை. ஓடுகிறதா, ஓடட்டும்.

எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் மலையேறி இறங்கித்தான் வருவார்கள். முருகனைப் பார்த்துவிட்டு மனுப் போட்டால் காரியம் கைகூடும் என்று நினைப்பு. மொட்டைத் தலையில் சந்தனம்கூடக் காய்ந்திருக்காது. கடைசிப் பட்டனை அழுத்தப் போகும்போது, "கொஞ்சம் இரும்மா" என்று பொட்டலத்தைப் பிரித்து, சிபியுவின் தலையில் விபூதியை அள்ளி ஒரு பட்டை போடுவார்கள். இந்தக் கூத்தை ஆரம்பித்துவைத்ததே நான்தான். கடை திறந்த புதிதில், ரொம்ப நாளாக இழுத்துக்கொண்டிருந்த பட்டா கிடைத்த சந்தோஷத்தில் கே.ஜி.கண்டிகைக்காரர் ஒருவர் ஓடிவந்து விபூதி பூசிவிட்டுப் போனார். "நம்ம மிஷினு ராசியான மிஷினுங்க" என்று நானும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். அப்புறம் யார் சும்மா இருப்பார்கள்? ஆடிக் கிருத்திகை வந்தால் சிபியு முழுக்க வெள்ளையாகிவிடும். போதாக்குறைக்கு வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி என் உபயம். ஆயுத பூஜைக்கு சந்தனம் குழைத்து, மேல் தகட்டில் இருக்கிற ஓட்டைகளைத் தேடித் தேடிப் பொட்டு வைப்பேன். அது காற்று போகிற வழி என்று யாராவது சொல்லியிருந்தால், போய் வேலையைப் பாருய்யா என்றிருப்பேன்.

மிஷின் அடிக்கடி உறைந்து நிற்கும். திரையில் வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். நான் வாய் கூசாமல் "சர்வர் டவுன்" என்பேன். கேட்டவர்களும் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். சர்வர் எங்கே இருக்கிறது, யார் பார்த்தது? மழை மாதிரி அது வந்தால் வரும் என்று அவர்களும் நம்பினார்கள். வீட்டுக்காரருக்கு இதில் கிண்டல் வேறு. "உன் குரல ரெகார்டு பண்ணி மாட்டிட்றேன், நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு" என்பார்.

போன வருஷம் அம்மையார்குப்பத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். வீட்டில் பவர்லூம். பன்னிரண்டாவது நல்லபடியாகப் பாஸ் பண்ணியிருந்தாள். நர்சிங் சேர வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அப்பாவின் போனைக் கையில் எடுத்துக்கொண்டு கடைசித் தேதியன்று காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள். படிவத்தை நிரப்பினேன். கடைசியில் போனுக்கு ஒரு எண் வரும், அதைச் சில நிமிஷத்துக்குள் அடித்தால்தான் விண்ணப்பம் ஏறும். எண் வந்தது. அவள் வாசிக்க, நான் அடித்தேன். வட்டம் சுற்றியது. நேரம் முடிந்தது என்று வந்தது. மறுபடி எண், மறுபடி வட்டம். மூன்றாவது தடவை அவள் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, எதிர்க் கடையில போய்ப் பாக்கட்டுமா?"

"எங்க போனாலும் இதே கதிதான்மா. சர்வர் ஒண்ணுதானே" என்றேன்.

சாலைக்கு அந்தப் பக்கம், தாலுகா ஆபீசை ஒட்டியிருந்த எதிர்க் கடையில் பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்த சத்தம் என் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அங்கே பிள்ளைகள் சிரித்துக்கொண்டு தாளோடு வெளியே வந்ததையும் பார்த்தேன். உட்கார்ந்த ஆளை எழுப்பி எதிரிக் கடைக்கு அனுப்ப எனக்கு மனசில்லை. அவ்வளவுதான் விஷயம். சாயந்திரம் வரைக்கும் அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தேதி முடிந்துபோனது. "உங்களால என்னக்கா பண்ண முடியும்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு அம்மையார்குப்பம் பஸ் ஏறினாள். அடுத்த மாதத்திலிருந்து செல்போன் செய்கிற கம்பெனி ஒன்றுக்கு, விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறிப் போக ஆரம்பித்தாள்.

இந்த வருஷம் விண்ணப்பம் ஆரம்பித்ததும் மறுபடி வந்து நின்றாள். ஆள் பாதியாகிவிட்டிருந்தாள்.

"நைனா சொல்லிட்டாருக்கா. இந்த வருஷமும் கிடைக்கலன்னா பாவாவுக்குக் கட்டிக் குடுத்துடுவாங்களாம். பேசி முடிச்சினு இருக்காங்க. கம்பெனி லீவு அடுத்த திங்கக்கிழமைதான். அன்னிக்கு சர்வர் இருக்கும் இல்ல?"

மாமன் மகன் பாவா மேல் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அவளுக்குப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். "இருக்கும்மா, வா" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, மிஷினை நம்பிச் சொல்லவில்லை. அன்று காலையில்தான் ஒரு வருமானச் சான்று நாலு தடவை நின்றுபோயிருந்தது. வீட்டுக்காரரிடம், இதை ரிப்பேர் பண்ணியே ஆக வேண்டும் என்று குதித்தேன். "அடேங்கப்பா, உனக்கே தோணிடுச்சா!" என்றார் அந்த மனுஷன்.

ரிப்பேர்க்காரர் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியிலிருந்து வந்தார். தலை நரைத்த, அதிகம் பேசாத ஆள். சிபியுவைத் தூக்கி வெளி வெளிச்சத்தில் வைத்து, திருகுகளைக் கழற்றி, தகட்டை இழுத்தார். இழுத்த வேகத்தில் பின்னால் நகர்ந்து, "அய்யய்யோ, ஏமிடம்மா இது!" என்று துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

நானும் எட்டிப் பார்த்தேன். அட கருமமே! கம்பியும் பலகையும் கண்ணில் படவே இல்லை. சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி ஒன்று உள்ளே அடைத்துக்கிடந்தது. விபூதி, குங்குமம், சாம்பிராணிப் பிசுக்கு எல்லாம் சேர்ந்து இறுகியிருந்தது. அதற்குள் மயிர், ஊசி ஊசியாக. மொட்டை போட்டுக்கொண்டு வந்தவர்களின் தோளிலிருந்து உதிர்ந்தது. எத்தனை ஊர்க்காரர்களின் மயிரோ! காற்றாடியில் ஒரு பல்லி ஒட்டிக் காய்ந்திருந்தது, வால் மட்டும் தனியாக. மூலையில் கரப்பான் முட்டை. அவர் குச்சியால் கிளறக் கிளற அது கொத்துக் கொத்தாக வந்தது. இதன் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு இத்தனை வருஷம் இட்லி தின்றிருக்கிறேன்! ஓடிப்போய்க் குழாயடியில் வாந்தி எடுத்தேன்.

"காத்தாடி முழுசா சுத்தவே இல்லமா. சூடு தாங்காம மிஷினு தானே மெதுவா ஓடுது, இல்லன்னா எரிஞ்சி போயிடும்" என்றார் அவர். எல்லாவற்றையும் சுரண்டி, ஊதி, துடைத்தார். காற்றாடியை மாற்றினார். பழைய ஹார்டு டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் எஸ்எஸ்டி என்கிற சின்னச் செவ்வகத்துக்கு மாற்றி மாட்டினார். கூடுதலாக ஒரு ரேம் செருகினார். மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. ஒரு அரை நாள் வேலை. அதைத்தான் நான் செய்யாமல் விட்டிருந்தேன்.

சுவிட்சைப் போட்டார். நான் பழக்கத்தில் டீ வைக்க எழுந்தேன். திரும்புவதற்குள் திரை திறந்து நின்றது. நர்சிங் பக்கத்தைத் திறந்தேன். சட்டென்று வந்தது. அடுத்தது, அடுத்தது, எதுவும் நிற்கவில்லை.

"இன்னிக்கு சர்வர் நல்லா இருக்குது" என்றேன், வாய் தானாக.

ரிப்பேர்க்காரர் திருப்புளியைப் பைக்குள் போட்டுக்கொண்டே சிரித்தார். "அதே நெட்டு, அதே வெப்சைட்டு. சர்வருக்கு என்னம்மா வந்துச்சு? கோளாறெல்லாம் மிஷினுலதான் இருந்துச்சு."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. தெரியாமல் நடந்தது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் பிரிண்டர் சத்தம் காதில் விழுந்ததே! அந்தப் பெண் எழுந்து போகிறேன் என்றாளே! குப்பை என் சிபியுவுக்குள் மட்டும் இருந்திருந்தால் ஒரு துடைப்பமே போதுமாயிருந்திருக்கும். நான் என்ன பெண் ஜென்மம் என்று என்மேலேயே காறித் துப்பத் தோன்றியது. சுரண்டிப்போட்ட அழுக்கை வீட்டுக்காரர் குப்பையில் கொட்டப் போனார். "இருங்க" என்று ஒரு கட்டியை ஜெராக்ஸ் தாளில் மடித்து மேஜை டிராயரில் வைத்தேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது.

திங்கட்கிழமை வந்தாள். மலையேறிவிட்டுத்தான் வந்திருந்தாள், நெற்றி நிறைய விபூதி. உட்கார்ந்தாள். நிரப்பினேன். எண் வந்தது, வாசித்தாள், அடித்தேன். இனி கடைசிப் பட்டன்தான் பாக்கி.

"கொஞ்சம் இருங்கக்கா" என்று பொட்டலத்தைப் பிரித்து, விபூதியை எடுத்து சிபியு பக்கம் கை நீட்டினாள்.

பட்டென்று அவள் கையைத் தட்டிவிட்டேன். விபூதி தரையில் கொட்டியது. அந்தக் கோபத்திலேயே பட்டனை அழுத்தினேன். கண் இமைப்பதற்குள் விண்ணப்ப எண் திரையில் வந்து நின்றது. அவள் அதைப் பார்க்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது.

"சாமி விபூதிக்கா" என்றாள்.

டிராயரைத் திறந்து அந்த மடிப்பை அவள் முன்னால் பிரித்து வைத்தேன். நாற்றம் இன்னும் இருந்தது. அவள் முகத்தைச் சுளித்தாள்.

"இதான்மா போன வருஷ சர்வர். இந்த மிஷினுக்குள்ள இருந்துச்சு. எதிர்க் கடையில அன்னிக்கு எல்லாருக்கும் ஏறுச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் உன்ன உக்கார வச்சேன்."

ஜெராக்ஸ் மிஷின் நின்றது. வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் அந்தக் கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"நான் என் தலையெழுத்துன்னு நெனச்சினு இருந்தேன்" என்றாள் கடைசியில்.

அப்புறம் எழுந்தாள். "நம்பர் வந்துச்சா?"

"ஆங், வந்துடுச்சும்மா."

"நான் பாக்கணும்."

மேஜையைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து நின்றாள். கடை திறந்த நாளிலிருந்து யாரும் இந்தப் பக்கம் வந்ததில்லை. நான் சொன்னால் சரி என்று அந்தப் பக்கமே உட்கார்ந்திருப்பார்கள். திரையில் ஒவ்வோர் எண்ணாக விரல் வைத்து வாசித்தாள். உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். மறுபடியும் முதலிலிருந்து சரிபார்த்தாள். நான் பிரிண்ட் எடுத்து நீட்டியதை வாங்கி, அதையும் கையில் இருந்ததையும் ஒத்துப் பார்த்தாள்.

பிறகு சாலையைக் கடந்து எதிர்க் கடைக்குப் போனாள். அங்கேயும் ஒரு தடவை அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறாள் என்று இங்கிருந்தே தெரிந்தது.