விசாரணைக்கு ஒரு நாற்காலி

கல்மண்டபம் பகுதியில் என் அத்தை வீட்டில் ஒரு பிரம்பு நாற்காலி இருந்தது. கைப்பிடி தேய்ந்து, முதுகுப் பக்கம் பிரம்பு விட்டுப்போயிருந்தாலும் தினமும் ஈரத்துணியால் துடைக்கப்பட்டு, வாசலைப் பார்த்தபடி கிடக்கும். அதில் யாரும் உட்காரக் கூடாது. நாங்களெல்லாம் தரையில்தான். மாதா கோயில் பங்குச் சாமியார் வீடு மந்திரிக்க வந்தால்கூடப் பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி இரவல் வரும். துறைமுகத்தில் வேலை பார்த்து அங்கேயே இறந்துபோன மாமா உட்கார்ந்த நாற்காலி என்று நாங்களாகவே முடிவு செய்திருந்தோம். அத்தையும் அதை மறுத்ததில்லை.

அத்தைக்குப் பிடித்தது ஒரே ஒரு சினிமா, கறுப்பு வெள்ளையில் வந்த பழைய கொலைப் படம். பெரிய மனிதர் ஒருவர் தன் வீட்டு மாடியில் செத்துக்கிடக்கிறார். இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் உட்கார்ந்து விசாரிக்கிறார். கடைசியில் கொலைகாரன் அகப்படுகிறான். யாரென்று சொல்ல மாட்டேன், இன்னும் பார்க்காத பாவிகள் யாராவது இருக்கக்கூடும். எங்கள் தெருவில் அப்படி ஒருவரும் இல்லை. ஞாயிறு மதியம் டி.வி.யில் அது ஓடும்போது கரண்ட் போய்விட்டால் தெரு சும்மா இருக்காது. விட்ட இடத்திலிருந்து ஒருவர் வாசலில் நின்று இன்ஸ்பெக்டரின் கேள்வியை எடுத்துக்கொடுப்பார். எதிர்வீட்டிலிருந்து படத்தின் சமையல்காரன் பதில் சொல்வான், மாடியிலிருந்து டாக்டர் இருமுவார். கரண்ட் திரும்பும்போது படமும் தெருவும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கும். அத்தை மட்டும் எந்த வேஷமும் கட்டமாட்டாள். "நீங்க நடத்துங்க, நான் கேட்டுகினு கீறேன்" என்பாள்.

கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகும் ஒரு மர்மப் படத்தை ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்? பத்திரிகைகளில் சினிமா பற்றி எழுதுகிறவன் நான். அந்தப் படத்தின் வெளிச்சம், நிழல், மாடிப்படிக் காட்சி என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறேன். அத்தை அதையெல்லாம் படித்தவள் இல்லை.

மாமா இறந்தபோது நான் கைக்குழந்தை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்கால வேலைக்குப் போனவர், கப்பலுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீரில் கிடந்தார். குடித்துவிட்டுத் தவறி விழுந்தார் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மாமா குடிப்பவர் என்பது ஊருக்கே தெரியும் என்பதால் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. பிறகு எங்கள் வீட்டில் எந்தப் பையன் கெட்டுப்போனாலும் "மாமா மாதிரி போய் விழப்போற" என்று திட்டுவது வழக்கமாகிவிட்டது. அத்தை காதுபடவே சொல்வார்கள். அவள் முகம் மாறாது, பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தால் துலக்கிக்கொண்டே இருப்பாள்.

சில வருடங்களுக்கு முன், ஒரு மார்ச் மாத ஞாயிறு மதியம் நானும் அத்தையும் மட்டும் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசி விசாரணையாகச் செத்தவரின் மனைவியிடம் இன்ஸ்பெக்டர் வந்து உட்காரும் நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தெருவில் பழைய ஆட்கள் பலர் இல்லை, இருப்பவர்கள் வீட்டில் இன்வெர்ட்டர் வந்துவிட்டது. வெளியிலிருந்து குரல் எதுவும் வரவில்லை. சும்மா இருக்கப் பிடிக்காமல் நானே குரலைக் கட்டையாக்கிக்கொண்டு கேட்டேன்: "நீங்க கடைசியா அவரை எப்பம்மா பார்த்தீங்க?"

அத்தை என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பிரம்பு நாற்காலியைக் காட்டி, "அங்க குந்திக்கினு கேளு நைனா" என்றாள்.

விளையாட்டுத்தானே என்று உட்கார்ந்தேன். அதே கேள்வியை மறுபடி கேட்டேன்.

"வெள்ளிக்கெழம மத்தியானம் சார். தவசுகாலம். கோயில்ல சிலுவைப்பாதை முடிச்சி, வாசல்ல என்னாண்ட சொல்லிகினு நேரா வேலைக்குப் பூட்டாரு. அன்னிக்கு ஒருசந்தி, ஒரு வேளை கஞ்சிதான் குடிச்சிருந்தாரு. அவரு குடிப்பாரு சார், இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா சாம்பல் பொதன் வந்தா நிறுத்திடுவாரு. ஈஸ்டர் வரைக்கும் ஒரு சொட்டு தொட மாட்டாரு. கண்ணாலம் ஆனதுலருந்து பாத்துகினு கீறேன். இந்தத் தெருவுல அல்லாருக்கும் தெரியும். யாரும் கேக்கல, யாரும் சொல்லல."

அத்தை என்னை 'சார்' என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவள் தடுமாறவே இல்லை. எத்தனையோ தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்த பதில் அது.

"வெசாரிக்க ஒருத்தரு வந்தாரு. வாசல்லயே நின்னாரு, செருப்பக்கூட கழட்டல. கையெழுத்து வாங்கிகினு பூட்டாரு. எங்க வூட்ல அப்ப நாற்காலி இல்ல சார். அதுக்கப்பறம்தான் இத்த வாங்கினேன். மறுபடி வந்தா குந்தச் சொல்லணுமே."

கரண்ட் வந்தது. டி.வி.யில் கொலைகாரன் கையில் விலங்கு மாட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தை அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"எய்திக்கினியா?" என்றாள்.

என் கை வெறுமையாக இருந்தது. "எழுதிக்கிட்டேன் அத்தை" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு டீ போட எழுந்து போனாள்.

அத்தை போன வருடம் இறந்துவிட்டாள். நாற்காலி இப்போது மாத்தூரில் என் வீட்டில் இருக்கிறது. இன்று மதியம் அந்தப் படத்தை மறுபடி போட்டார்கள். அதில் ஒருவர் செத்துப்போனால் இன்னொருவர் வீடு தேடி வருகிறார், உட்காருகிறார், சமையல்காரனிடம்கூடக் கேள்வி கேட்டுப் பதில் வரும்வரை காத்திருக்கிறார். எங்கள் பக்கத்துச் சாவுகளுக்கு அப்படி யாரும் வந்து உட்கார்ந்ததில்லை. கொலைகாரனுக்காக அத்தை அந்தப் படத்தைப் பார்க்கவில்லை, 'கடைசியா எப்பப் பார்த்தீங்க' என்று ஒருவர் உட்கார்ந்து விசாரிப்பதைக் கேட்கத்தான் பார்த்தாள். இதை நினைக்கும்போது எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம் வருகிறது.

மாமா எப்படி விழுந்தார் என்பது தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை. முடிவுக் காட்சி வருவதற்குள் டி.வி.யை அணைத்துவிட்டு, காகிதத்தை எடுத்துக்கொண்டு பிரம்பு நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். மாமா இறந்த நாள் தவக்காலத்து வெள்ளிக்கிழமை. மாமா அன்று குடித்திருக்கவில்லை. எழுதிக்கொண்டேன் அத்தை.