செபாஸ்டியன் பார்க்காத பூ

பின் அறையிலிருந்து 'புஸ்... புஸ்...' என்று சத்தம் வந்தது. இறந்துபோன நண்பனின் மனைவி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த மனோகரன் அதைக் காதில் வாங்கவில்லை. சொல்ல வந்த செய்தியை எங்கே தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

ஆவடி டேங்க் ஃபேக்டரியில் அவனோடு ஒரே ஷிஃப்டில் வேலை பார்த்தவன் செபாஸ்டியன். கல்யாணமான புதிதில் குவார்ட்டர்ஸ் வாசலில் கிறிஸ்துமஸ் மரம் போன்ற ஒரு தூஜா கன்று நட்டான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கிளை கிளையாய்த் தடவிப் பார்ப்பான். "இன்னும் கொயந்தை மாமே, வயசு வந்தாத்தான் பூக்கும்" என்று சிரிப்பான். மரத்துக்கு வயது வருமுன் அவனுக்கு மாரடைப்பு வந்துவிட்டது. அடுத்த டிசம்பரில் அது பூத்தது. பார்க்க அவன் இல்லை!

அவன் மனைவி ஜெயகுமாரி குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது, பூத்த கிளையில் ஒரு துண்டையும் கொஞ்சம் விதையையும் எடுத்துக்கொண்டு கள்ளிக்குப்பம் வந்தாள். தையல் மெஷினை மிதித்தே மகளைப் படிக்க வைத்தாள். அவர்கள் காலி செய்த குவார்ட்டர்ஸில் இப்போது மனோகரன் குடியிருக்கிறான்.

"என்ன தம்பி, முகமே சரியில்ல?" கையில் ஸ்பிரேயருடன் வந்தாள் ஜெயகுமாரி.

"அண்ணி... மரத்த வெட்டிட்டாங்கோ. கால்வா தோண்ட வந்த ஆளுங்கோ. நான் டூட்டி முடிச்சு ஊட்டாண்ட வந்தா, வெறும் கட்டைதான் கீது."

ஜெயகுமாரி ஸ்பிரேயரைத் தரையில் வைத்தாள்.

"உள்ள வாங்க" என்றாள்.

ஜன்னலோரம் இரண்டு தொட்டிகள். ஒன்றில் இடுப்பளவு செடி, மற்றதில் முழங்கால் அளவு.

"பெரிசு விதையில வந்தது, பச்சப் புள்ள. சின்னது அந்த மரத்தோட கிளை. மண்ணுதான் புதுசு, வயசு கிளையோடவே வந்துடுச்சு. கம்பம் ஊர்ல எங்க அண்ணன் திராட்சைக்கு அடிக்கிற வளர்ச்சி மருந்தை ரெண்டுக்கும் அடிச்சேன். பெரிசு பேருக்கு ரெண்டு மொட்டு விட்டுது. சின்னதைப் பாருங்க!"

நுனிக்கு நுனி மொட்டு.

"இதையா பூவுன்றீங்கோ? மொளகு மேரி கீது!"

"அவர் இருந்திருந்தா உங்களை அடிச்சிருப்பார்." சிரித்தாள், கண்ணீரும் வழிந்தது. சட்டென்று சின்னத் தொட்டியைத் தூக்கி அவன் கையில் வைத்தாள். "அதே வாசல்ல, கால்வாய்க்குத் தள்ளி நடுங்க."

"அண்ணி! அந்த மரத்துல மிச்சம் இது ஒண்ணுதானே ஒங்களுக்கு..."

"அந்த வாசல்ல பூக்கணும்னுதானே அவர் ஆசைப்பட்டார்? பச்சப் புள்ளைய நான் வளத்துக்கறேன். எனக்குக் காத்திருக்கப் பழகிடுச்சு."

எப்பேர்ப்பட்ட மனுஷி! தொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மனோகரன் படியிறங்கினான். பின்னால் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. உள்ளே மறுபடியும் அந்தச் சத்தம்: புஸ்... புஸ்...