தபால்காரர் தப்பாகப் படித்த கார்டு

காலை 6.40க்கு எழும்பூரில் ரயில் ஏறினேன். செங்கற்பட்டுக்கு முப்பத்தைந்து மைல், மூன்றாம் வகுப்புக்குப் பதினைந்தணா. 1955 ஆவணி மாதம். வண்டலூர் தாண்டியும் புழுக்கம் குறையவில்லை. மனசுக்குள்ளும் அதே புழுக்கம்தான். நான் செய்த தப்பை நானே சரிக்கட்டப் புறப்பட்டிருந்தேன்.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். மனசு நொந்த குழந்தைகளைப் பார்க்க, மாதம் ஒருநாள் மதராஸ் டாக்டர் ஒருவரைச் செங்கற்பட்டில் ஒரு வாடகை அறைக்கு வரவழைக்கிறோம். வாத்தியார், மருத்துவச்சி, பெற்றோர், டாக்டர் எல்லோரையும் ஒன்றுசேர்ப்பது என் பொறுப்பு. கல்யாணத் தரகு இதைவிடச் சுலபம். அங்கே சாப்பாடாவது போடுவார்கள்.

மகாபலிபுரத்து வாத்தியார் ஒருவர் எழுதியிருந்தார். அலமேலு என்ற எட்டு வயதுப் பெண், தம்பி காய்ச்சலில் இறந்ததிலிருந்து ஆறு மாதமாகப் பேசவில்லையாம். நான் உடனே அவள் வீட்டுக்கு ஒரு கார்டு போட்டேன்: 'குழந்தையை மனநலப் பகுதிக்கு அழைத்து வரவும்.' உறையில் போடத் தோன்றவில்லை. அந்த வீட்டில் படிக்கத் தெரிந்தவர் இல்லை. தபால்காரர் கிணற்றடியில் வைத்துப் படித்துக் காட்டியிருக்கிறார். மனநலம் என்றால் என்ன என்று தாய் கேட்க, பைத்தியத்துக்கு வைத்தியம் பார்க்கிற இடம் என்று விளக்கமும் சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் சும்மா இருப்பார்களா? மறுநாளிலிருந்து பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை என்று வாத்தியார் மறுபடி எழுதினார்.

செங்கற்பட்டிலிருந்து பஸ்ஸுக்குப் பத்தணா, பதினெட்டு மைல். திருக்கழுக்குன்றத்தில் டிரைவர் நாஸ்தாவுக்கு இறங்கிவிட்டார். கழுகு வர இன்னும் நேரம் இருக்கிறது, மலையேறுகிறீர்களா என்று கண்டக்டர் கேட்டார். கழுகைப் பார்க்கிற நிலையிலா நான் இருந்தேன்?

பதினோரு மணிக்கு மகாபலிபுரம். அங்கிருந்து சவுக்குத் தோப்பு வழியாக, மணலில் கால் புதையப் புதைய இரண்டு மைல். அலமேலுவின் அப்பா கன்னியப்பன் தோப்பில் மரம் வெட்டுகிறவர். வாசலிலேயே நிறுத்தினார்.

"எம்பொண்ணப் பைத்தியம்னு ஊரே சொல்லிகினு கீது. நாளைக்கு எவன்மா கட்டுவான்?"

தப்பு என்னுடையது என்றேன். இது பைத்தியம் இல்லை, துக்கம் உள்ளேயே தங்கிவிட்டது, டாக்டர் விளையாட விட்டும் பேசியும்தான் பார்ப்பார் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். அதெல்லாம் சரி, ஊர் வாயை யார் மூடுவது என்றார். உலை வாயை மூடலாம். ஊர் வாய்க்கு ஏது மூடி?

அப்போது பையைத் தோளில் மாட்டியபடி தபால்காரர் வரதன் வந்தார். ஐம்பது வயதிருக்கும். நாங்கள் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கார்டைக் கொண்டுவரச் சொல்லி வாங்கினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, கிணற்றடியில் நின்ற பெண்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"இது மனநலம் இல்லம்மா, மாணவர் நலம். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களப் பாக்கற எடம். என் கண்ணு மங்கிப்போச்சு, நான்தான் தப்பாப் படிச்சிட்டேன்."

எழுதியது நான், மனநலம் என்றுதான் எழுதியிருந்தேன். வாயைத் திறந்தேன். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன். இருபது வருஷமாக அந்த ஊருக்கே கடிதம் படித்துச் சொல்கிறவர். அந்தப் படிப்புதான் அவருடைய மரியாதை. அதை ஒரு குழந்தைக்காக எல்லோர் முன்னாலும் விட்டுக்கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் சொன்னதிலிருந்தே உண்மை தெரிந்த கன்னியப்பன் எனக்குப் பாய் விரித்தார்.

பிறகுதான் வேடிக்கை. கிணற்றடிப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்தியின் மகன் தூக்கத்தில் அலறுகிறானாம். இன்னொருத்தியின் மகளுக்குப் பள்ளிக்கூடம் என்றாலே வாந்தியாம். மாணவர் நலத்தில் இவர்களையும் பார்ப்பார்களா? நோட்டை எடுத்தேன். செங்கற்பட்டில் எங்கள் படியேறுகிறவர்கள் தெருவின் இரு பக்கமும் பார்த்துவிட்டு, முக்காட்டை இழுத்துக்கொண்டு நுழைவார்கள். இங்கே வரிசைக்குச் சண்டை. இரண்டு மைல் சுமந்துவந்த பாரத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது எனக்கு.

அலமேலுவின் கையைப் பிடித்தபடி அவள் அம்மா முனியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"கார்டு எங்க வூட்டுக்குத்தான் மொதல்ல வந்துச்சு. எம்பொண்ணு பேர மொதல்ல எழுதும்மா."

எழுதினேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. நோட்டைப் பிடுங்கி, கண் மங்கிய வரதனிடமே நீட்டினாள்.

"இன்னா எழுதிகீறாங்கன்னு படிங்க அண்ணாத்த."

அவர் ஓர் எழுத்துக்கூடத் தடுமாறாமல் படித்தார். "ஒண்ணாம் நம்பர், அலமேலு."